அஸ்திபாரமும் அஸ்திவாரமும்

வேதாகமத்தில் அது ‘அஸ்திபாரம்’. சைட்டில் ‘அஸ்திவாரம்’. ஞாயிற்றுக்கிழமை பா, திங்கட்கிழமை வா. இருபது வருஷமாக இந்த ஓரெழுத்து வித்தியாசத்தோடு காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

போன மாசம் சபை வாலிபர் கூட்டத்தில் என்னைப் பதினைந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘வாழ்க்கையின் அஸ்திபாரம் கிறிஸ்து’. “அண்ணா, நீங்க சிப்காட்ல மெஷினுக்கு அஸ்திவாரம்லாம் போடறவர்தானே, உதாரணத்தோட சொல்லுங்க” என்றான் செயலாளர் பையன். உதாரணத்தோடுதான் சொன்னேன். கைதட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள். ஸ்கூட்டரில் பொன்னேரி வந்து சேர்வதற்குள் எனக்கே கூசிப்போனது. சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, சொன்னால் நன்றாக இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விட்டது இங்கே.

முதலில் அங்கே சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அதில் பொய்யில்லை.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபோர்ஜிங் ஷாப்பில். பழுக்கக் காய்ச்சின இரும்பை வைப்பார்கள், மேலிருந்து சம்மட்டி விழும். விழுகிற பாகத்தை ‘டப்’ என்போம். டப் 1 டன் என்றால், அடி வாங்குகிற அன்வில் சுமார் 20 டன் இருக்க வேண்டும். அன்வில்லுக்கு அடியில், மண்ணுக்குள், அதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு கான்கிரீட். ஒரு டன் அடிக்குக் கீழே 60 முதல் 100 டன் எடை கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருக்கிறது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் மெஷினைத்தான் போட்டோ எடுப்பார்கள். கீழே என்ன கிடக்கிறது என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அன்வில்லுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் கனமான மரக்கட்டைகளை அடுக்குவோம். இரும்பும் கான்கிரீட்டும் நேருக்கு நேர் மோதினால் கான்கிரீட் நொறுங்கிவிடும். மரம் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். (என் மாமனாரும் இதே வேலையைத்தான் எங்கள் குடும்பத்தில் செய்கிறார், அது தனிப் பதிவு.)

இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. பிறகு மத்தேயு 7ஆம் அதிகாரத்துக்கு வந்தேன். கன்மலைமேல் கட்டினவன், மணல்மேல் கட்டினவன். நம் ஊர்ப் பிரசங்கங்களில் இந்தக் கதை எப்போதும் கன்மலை நல்லது, மணல் கெட்டது என்று முடிந்துவிடும். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. இரண்டு பேருமே கேட்டவர்கள். ஒரே வார்த்தையை, ஒருவேளை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து. ஒருத்தன் கேட்டபடி செய்தான், மற்றவன் செய்யவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். மழை வருகிற வரைக்கும் தெருவில் போகிறவனுக்கு இரண்டு வீடும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும். லூக்கா இதே கதையைச் சொல்லும்போது மத்தேயு விட்ட ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்: அவன் ஆழமாகத் தோண்டினான். லூக்கா வைத்தியர் என்பார்கள். கொத்தனார் வேலையும் கொஞ்சம் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இதுவரை கூட்டத்தில் பேசியது.

கன்மலைக்கு எங்கே போவது என்பதுதான் என் பழைய பிரச்சினை. எங்கள் பக்கம் ஆரணியாறும் கொசஸ்தலையும் கொண்டுவந்து கொட்டின பூமி. நான் பார்த்த போர் ரிப்போர்ட்டுகளில் மணல், களிமண், திரும்ப மணல், நடுவிலேயே தண்ணீர். பாறை என்ற சொல்லே வராது. அதற்காக யாரும் ஃபேக்டரி கட்டாமல் விட்டுவிடவில்லை, பைல் போடுகிறோம். பைல் பாறையைத் தொட்டே ஆக வேண்டும் என்றில்லை. சுற்றியிருக்கிற மண் அதன் உடம்பு முழுக்க உராய்ந்து பிடித்துக்கொள்கிறது. எத்தனை மீட்டர் இறங்குகிறதோ அத்தனை பிடிப்பு. மேலே நிற்கிற நூறு டன் மெஷினை, கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகுகிற அதே மண்தான் தாங்குகிறது.

இதை ஒருமுறை எங்கள் ஆயரிடம் சொன்னேன். “ஐயா, என் விசுவாசம் இந்த மாதிரிதான் நிக்குது. கன்மலையை நான் தொட்டேனான்னு தெரியலை. சுத்தி இருக்கிறவங்க பிடிச்சிட்டு இருக்காங்க.” ஆயர் சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பிரசங்க பீடத்துல சொல்லிடாதீங்க.”

என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிற மண் ஈக்காடு. திருவள்ளூருக்குப் பக்கத்து ஊர். அங்கே வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கவுடி என்பவர் வேலை செய்தார். ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஷெட்லாந்து தீவுகளில் பிறந்தவர், 1880களில் மெட்ராஸுக்கு வந்தவர். திருவள்ளூரில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இன்றைக்கும் நடக்கிறது. என் ஆயா தன் பாட்டியிடம் கேட்ட கதையாக ‘கவுடி துரை’ என்று சொல்லும். ஆயாவின் கதையில் அவர் குதிரையில் வருவார், வயலில் இறங்கி நிற்பார், “இது யார் நிலம்?” என்று கேட்பார். கதை எவ்வளவு உண்மை என்று தெரியாது. ஆனால் கேள்வி உண்மை. 1894இல் பறையர்களையும் நிலத்தையும் பற்றி மிஷன் பத்திரிகை ஒன்றில் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

அன்றைக்குத் திருவள்ளூர் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. நம் ஜனங்கள் வயலில் பண்ணையாள். குடிசை நிற்கிற மனைகூட மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். முழங்கால் போட்டு ஜெபிக்கிற இரண்டடி மண்ணே அடுத்தவனுடையது என்றால், அந்த ஜெபத்தின் எந்த வரி வரைக்கும் சத்தமாகச் சொல்ல முடியும்? கவுடியும், செங்கல்பட்டில் இருந்த ஃப்ரீ சர்ச் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும் இதைப் புரிந்துகொண்டார்கள். ஆண்ட்ரூ மெல்ரோசாபுரம் என்று ஒரு குடியிருப்பையே உண்டாக்கினார். கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதன் வழியாக வந்ததுதான். வந்தது எத்தனை, பறிபோனது எத்தனை என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் இந்தப் பதிவு தாங்காது. 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடி, துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. இரண்டு பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

தாத்தா செங்கல் சூளையில் கணக்கு எழுதினவர். அப்பாவைப் பள்ளியில் சேர்க்கும்போது, தலைமையாசிரியர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாராம்: “இந்துன்னு போட்டுக்கங்க, ஸ்காலர்ஷிப் வரும், பின்னாடி வேலைக்கும் ஆகும்.” 1950இல் வந்த ஜனாதிபதி உத்தரவின்படி இந்துவாக இருந்தால்தான் அட்டவணை சாதி. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியில்தான். தமிழ்நாட்டில் நாம் பி.சி. சாதி மட்டும் மதம் மாறும்போது கூடவே வந்துவிட்டது, சலுகை வாசலில் நின்றுவிட்டது.

தாத்தா ‘கிறிஸ்தவர்’ என்றே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய அண்ணன் ‘இந்து’ என்று எழுதினார். பெரிய தாத்தா வீட்டில் இரண்டு பேர் சர்க்கார் உத்தியோகம். எங்கள் வீட்டில் ஒருத்தரும் இல்லை. இரண்டு குடும்பமும் ஒரே கோயிலில், ஒரே வரிசையில் உட்காருவோம். பெரிய தாத்தா செய்தது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பிள்ளையின் சோற்றுக்கும் சாமிக்கும் நடுவில் கோடு போட்டு ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொன்ன சட்டத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். ஆனால் தாத்தா போட்ட கையெழுத்து என்னவென்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அப்பா அதைப் பெருமையாகவும் சொல்வார், சம்பளத் தேதி தள்ளிப்போகிற மாசங்களில் எரிச்சலோடும் சொல்வார்.

பழவேற்காட்டைப் பற்றியும் கொஞ்சம். வாலிபர் கூட்டத்தோடு போன டூர். அங்கே போர்த்துகீசியர் காலத்து மகிமை மாதா கோயில் உண்டு. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டின கெல்ட்ரியா கோட்டை மேடும் புதருமாகக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், எல்லோரும் அதோடு நின்று செல்ஃபி எடுத்தோம். கோட்டைக்குள் ஆராதனை ஒழுங்காக நடந்திருக்கும். 17ஆம் நூற்றாண்டில் இதே துறையிலிருந்துதான் பஞ்சத்தில் விலைபோன ஆண்களையும் பெண்களையும் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி பட்டாவியாவுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு நான் பிள்ளைகளிடம், “பாருங்க, ஞாயிற்றுக்கிழமை கேட்டவங்க திங்கட்கிழமை என்ன செஞ்சாங்கன்னு” என்று கொஞ்சம் ஓவராகவே பேசினேன்.

அந்த டூர் போய் வந்த ஆறாம் மாசம் நான் என் கையெழுத்தைப் போட்டேன்.

அப்போது வேறொரு கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். பவர் பிரஸ் ஷாப். பிரஸ்ஸுக்கு முன்னால் லைட் கர்ட்டன் என்று ஒன்று இருக்கும். கை உள்ளே போனால் ஒளிக்கதிர் அறுபட்டு மெஷின் நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிற்பதால் உற்பத்தி குறைகிறது என்று யாரோ ஒரு துண்டு வயரைப் போட்டு அதை பைபாஸ் செய்திருந்தார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ராத்திரி ஷிஃப்டில் ஒடிசாப் பையன் ஒருவனுக்கு, காண்ட்ராக்ட் ஆள், இருபது வயசு இருக்கலாம், வலது கையில் இரண்டு விரல் போனது.

மறுநாள் காலையில் வயர் காணாமல் போயிருந்தது. செக்லிஸ்ட் ரிஜிஸ்டரில் முந்தின மூன்று நாள் கட்டம் காலியாக இருந்தது. ‘கார்டு சரி, சென்சார் சரி’ என்று டிக் போட்டு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஃபிட்டர் ஒருவர், மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் ஒருவர். இன்சார்ஜ் நான்.

ஃபிட்டரை நாங்கள் மேஸ்திரி என்போம். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புது மெஷினை ஷிம் வைத்து, லெவல் பார்த்து, பேஸ் பிளேட்டுக்கு அடியில் கிரவுட் ஊற்றுவோம். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடம் பொக்கையாகிவிடும், மேலே பார்த்தால் தெரியாது. கிரவுட் இறுகினதும் மேஸ்திரி அரைக் கிலோ சுத்தியலோடு குந்திக்கொண்டு, பிளேட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டுவார். காதைச் சாய்த்துக்கொள்வார். பக்கத்தில் யாராவது செல்போனில் பேசினால் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், அவன் வெளியே போய்விடுவான். கெட்டியாக இருந்தால் ‘ணங்’. பொக்கையாக இருந்தால் ‘டொப்’. டொப் கேட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, “இங்க சொத்த” என்பார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. பெரியபாளையத்து அம்மன் பக்தர். ஆடி மாசம் முழுக்க மஞ்சள் துணிதான். என்னோடு ஒரு கிறிஸ்துமஸுக்கு கோயிலுக்கு வந்து, பிரசங்கம் நீளம் என்று பாதியிலேயே டீ குடிக்கப் போனவர்.

ரிஜிஸ்டரை அவரிடம் நீட்டினார்கள். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். “நான் பாக்காதத பாத்தேன்னு எப்படி சார் எழுதறது? ஆத்தா கேப்பா” என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வேறொரு ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள், அவன் போட்டான். பிறகு நான் போட்டேன். மூன்று கட்டம், மூன்று கையெழுத்து, மூன்றுக்கும் பேனாவை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாற்றிக்கொண்டேன்.

கதை நல்ல சமாரியன் மாதிரி வந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் நான் என்ன செய்ய? நடந்தது அப்படி.

அடுத்த வாரம் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். சாட்சி என்று என்னையும் உட்காரவைத்தார்கள். ரிஜிஸ்டரில் இருப்பது என்னுடைய கையெழுத்துதான் என்றேன். அது உண்மைதானே.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. வழக்கம்போல ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். வீடு கட்டினது, பெண்ணுக்கு நர்ஸிங் சீட் கிடைத்தது, சர்க்கரை இறங்கினது. என் முறை வந்தது. “இந்த வருஷம் முழுக்க ஆபத்தான இடத்துல வேலை செஞ்சாலும் ஒரு சேதமும் இல்லாம கர்த்தர் காத்தார்” என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உட்காரும்போதுதான் உறைத்தது. விசாரணைக்கும் சாட்சி, கோயிலுக்கும் சாட்சி. தமிழில் ஒரே சொல். ஒரே மாசத்தில் இரண்டு சாட்சி சொல்லியிருக்கிறேன், இரண்டையும் யாராவது சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ஒரே சத்தம்தான் கேட்கும்.

ஜனவரி முதல் ஞாயிறு எங்கள் சபையில் உடன்படிக்கை ஆராதனை. 1755இல் ஜான் வெஸ்லி தொடங்கினது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. என் கணக்கில் நம் ஆராதனைகளிலேயே ஆபத்தானது இதுதான். மற்ற நாளில் கேட்போம், இன்றைக்குக் கொடுக்கிறோம். வேலையில் வைத்தாலும் சரி, ஓரங்கட்டினாலும் சரி, நான் உமக்குரியவன் என்கிற அர்த்தத்தில் ஒரு ஜெபம் வரும். முப்பது வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. பக்கத்தில் அம்மா திரும்பிப் பார்த்தது.

இரண்டு நாள் தூக்கம் இல்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் செவ்வாய்க்கிழமை மேனேஜரிடம் போய், அந்த மூன்று நாளும் நான் பிரஸ்ஸைப் பார்க்கவில்லை என்று ஆய்வாளருக்கு எழுதப்போகிறேன் என்றேன். அவர் கத்தவில்லை. “குழந்தைங்க எத்தனை?” என்று கேட்டார். இரண்டு என்றேன். அந்த வாரமே எழுதி அனுப்பினேன். பத்து நாளில் கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.

நான்கு மாசம் வீட்டில் இருந்தேன். அந்த நான்கு மாசத்தை ஜெயம், விடுதலை என்றெல்லாம் எழுத ஆசைதான். உண்மையில் ஸ்கூல் ஃபீஸ், கேஸ் சிலிண்டர், மனைவியின் வளையல். மனசாட்சி லேசானதென்னவோ நிஜம். லேசான மனசாட்சியோடு அடகுக்கடை வாசலில் நிற்பதற்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. பெரிய தாத்தாவின் பேரன், சர்க்கார் உத்தியோகக்காரன், சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மாச வாடகையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். ‘இந்து’ என்று எழுதினதால் வந்த சம்பளத்தில் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதினவர்கள் வீட்டு வாடகை. ஆயரிடம் நான் சொன்ன பைல் கணக்கு இதுதான்.

மேஸ்திரியும் ஒருநாள் வந்தார். பெரியபாளையத்துக் குங்குமப் பொட்டலமும் அரைக் கிலோ மிக்சரும் கொண்டுவந்திருந்தார். மிக்சரைப் பிள்ளைகள் தீர்த்தார்கள். குங்குமத்தை வைத்துக்கொள்ளவும் முடியாமல் தூக்கிப்போடவும் மனசில்லாமல் என் மனைவி அலமாரியில் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். “நீ எழுதிப் போட்டது தப்பில்ல தம்பி” என்றார் மேஸ்திரி. “ஆனா மொதல்லயே போடாம இருந்திருந்தா பேப்பர் மிச்சம்.”

அவரிடமிருந்துதான் அந்தப் பையனின் நம்பர் கிடைத்தது. விபத்து நடந்து ஒரு மாசத்திலேயே காண்ட்ராக்டர் அவனை ரயிலேற்றிவிட்டிருந்தான். நான் எழுதின கடிதத்தால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், அதுவரை ஒன்றும் இல்லை. இரண்டு தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று இந்தியில் எழுதி வைத்திருந்தேன். ‘மாஃப் கரோ’ வரைக்கும் வந்தேன். அவனுக்கு யார் பேசுகிறார்கள் என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் தமிழுக்கு மாறிவிட்டான், என் இந்தியைவிட அவன் தமிழ் தேவலை.

“சார், நல்லா இருக்கீங்களா?”

நல்லா இருக்கேன் என்றேன். கை எப்படி இருக்கு என்று கேட்டேன். காயம் ஆறிவிட்டது, குளிரில் மட்டும் வலிக்கிறது என்றான். நான் ரிஜிஸ்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். அவன் “ஹாங் சார், ஹாங் சார்” என்று கேட்டுக்கொண்டிருந்தான். பின்னால் ஆடு கத்துகிற சத்தம். நான் நிறுத்தினதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“சார், அங்க டியூட்டி இருக்கா?” என்றான்.